ஹாரி பாட்டரைக் கொளுத்த வேண்டுமா?

மூன்று மாதத்திற்கு முன் நமது வாசகசாலைக் கூட்டத்தில் ஒரு தோழர் எழுந்து ஒரு ஆட்சேபணை கிளப்பினார். அதாவது, பிள்ளைகள் படிப்பதற்கென்று வைத்திருக்கும் அலமாரியில் "ஹாரி பாட்டர்" என்னும் இங்கிலீஷ் கதைப் புஸ்தகங்கள் ஏழு பாகமும் இருக்கின்றன என்றும், அவை முழுக்க முழுக்க மந்திரம், மாயம், ஆவி, ஜோசியம், சூனியம் என்பவைகளாகவே இருக்கின்றன என்றும், ஒரு பக்கம் நாம் ஊர் ஊராகப் போய் மந்திரமாவது மாயமாவது என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, மறு பக்கம் நம் அலமாரியிலேயே ஒரு மந்திரப் பள்ளிக்கூடத்தை வைத்துக் காப்பாற்றி வருவது எந்த யோக்கியதையைச் சேர்ந்தது என்றும் கேட்டார். கேட்டதோடு நில்லாமல், அவற்றை எடைக்குப் போட்டுவிட்டு அந்தக் காசில் நல்ல புஸ்தகங்கள் வாங்க வேண்டுமென்று ஒரு தீர்மானமும் கொண்டுவந்தார்.

கேட்டவுடன் எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஆமோதிப்பதற்குக் கையைக்கூடத் தூக்கிவிட்டேன். அந்தச் சமயத்தில், காலேஜில் படிக்கும் ஒரு பெண் பின் வரிசையிலிருந்து, "ஐயா, அதைப் படித்துவிட்டுத்தான் சொல்லுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டாள். தீர்மானம் கொண்டுவந்த தோழரும் படிக்கவில்லை, ஆமோதித்த நானும் படிக்கவில்லை. வேதத்தைப் படியாமலே வேதத்திற்கு வக்காலத்து வாங்குகிறவர்களைப் பார்த்து நாம் எத்தனை மேடையில் சிரித்திருக்கிறோம்! ஆகவே தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டு, ஏழு பாகத்தையும் படித்து அபிப்பிராயம் சொல்ல வேண்டிய தண்டனை எனக்கு விதிக்கப்பட்டது. எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவன் நான். இங்கிலீஷ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூவாயிரம் பக்கத்துக்கு மேல் படித்து முடித்திருக்கிறேன். முதல் பாகத்துக்கு மூன்று வாரம் பிடித்தது. கடைசிப் பாகத்தை நான்கு நாளில் முடித்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஹாரி என்கின்ற தாய் தகப்பனில்லாத பையனுக்குப் பதினோராவது வயது முடிகின்றபோது ஹாக்வார்ட்ஸ் என்னும் மந்திரப் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வருகிறது. அங்கே போகிறான். வருஷத்துக்கு ஒரு பாகமாக, ஒவ்வொரு பாகத்திலும் ஒரு மர்மம் நடக்கிறது. அவனும், ரான் என்கின்ற பையனும், ஹெர்மாயனி என்கின்ற பெண்ணும் சேர்ந்து துப்பறிகிறார்கள். முதல் பாகம் 1997லும் ஏழாம் பாகம் 2007லும் வெளிவந்தன. 80க்கு மேற்பட்ட பாஷைகளில் 60 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருப்பதாகக் கணக்குச் சொல்லப்படுகிறது. எழுதியவர் ஒரு பெண். கைக்குழந்தையோடு தனியாக, சர்க்கார் உதவிப் பணத்தில் வாழ்ந்துகொண்டு, எடின்பரோ நகரத்துக் காப்பிக் கடைகளில் உட்கார்ந்து எழுதியவர். அவர் பெயர் ஜோன் ரௌலிங். ஆனால் புஸ்தகத்தில் ஜோன் என்று இராது, ஜே.கே. என்றுதான் இருக்கும். காரணம் என்னவென்றால், பெண் எழுதியது என்று தெரிந்தால் பையன்கள் வாங்கமாட்டார்கள் என்று பிரசுரகர்த்தர்கள் பயந்து முதலெழுத்துக்களை மட்டும் போடச் சொன்னார்களாம். அந்த அம்மாளுக்கோ இரண்டாவது எழுத்தே கிடையாது. பாட்டியின் பெயரிலிருந்து ஒரு "கே" யைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டார். இது நடந்தது வெள்ளைக்காரன் நாட்டில், நாகரிகத்தின் உச்சியில் இருப்பதாகச் சொல்லப்படும் இடத்தில், 1997ஆம் வருஷத்தில்!

நிற்க. இந்தப் புஸ்தகத்தைக் கொளுத்த வேண்டும் என்று சொன்னதில் நமது தோழர் முதல் மனிதரல்ல. அவருக்கு முன்னால் பெரிய கூட்டமே இருக்கிறது. அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாகாணத்தில் அலமகோர்டோ என்ற ஊரில் 2001ஆம் வருஷம் டிசம்பர் மாதம் ஒரு கிறிஸ்தவச் சபையார் இதைத் தீயிலே போட்டார்கள். அதே தேசத்தில் ஆர்க்கன்சாஸ் மாகாணத்து செடார்வில் என்ற ஊரில், பெற்றோர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் இதை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கக்கூடாது என்று பள்ளி நிர்வாகக் குழு உத்தரவு போட்டது. ஒரு மாணவியின் பெற்றோர் கோர்ட்டுக்குப் போய், 2003இல் ஜட்ஜ் அந்த உத்தரவைத் தள்ளிப் புஸ்தகத்தை அலமாரியில் திரும்ப வைக்கச் சொன்னார். 2019இல் போலந்து தேசத்து க்டான்ஸ்க் நகரத்தில் பாதிரிமார்கள் இதை நெருப்பில் போட்டபோது, கூடவே ஒரு ஆப்பிரிக்க முகமூடியையும், சிறு பெண்கள் பிடிக்கின்ற பூனைப் பொம்மை போட்ட ஒரு குடையையும் சேர்த்துக் கொளுத்தினார்கள். குடை என்ன பாவம் செய்ததோ தெரியாது. பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள்.

இவர்கள் ஏன் கொளுத்துகிறார்கள் என்று சற்று யோசித்துப் பாருங்கள். மந்திரம் பொய் என்பதற்காகவா? இல்லை. மந்திரம் மெய் என்று அவர்கள் நம்புகிறபடியால்! சூனியம் என்று ஒன்று உண்டு, அது சாத்தானுடைய வேலை, அதைப் படித்தால் பிள்ளைக்குப் பிசாசு பிடிக்கும் என்பது அவர்களுடைய அபிப்பிராயம். மந்திரம் பொய் என்கின்ற நாம், மந்திரம் மெய் என்கின்றவனோடு சேர்ந்து ஒரே அடுப்பில் விறகு வைப்பது என்ன புத்திசாலித்தனம்? அவனுக்காவது பயம் என்ற காரணம் ஒன்று இருக்கிறது. நமக்கு அதுவும் இல்லை.

என் தொழிலை வாசகர்கள் அறிவார்கள். வெறுங்கையில் விபூதி கொட்டிக் காட்டுவேன், நாக்கில் சூடம் ஏற்றுவேன், தேங்காய்க்குள்ளிருந்து ரத்தச் சிகப்பில் தண்ணீர் வரவழைப்பேன். பிறகு எப்படிச் செய்தேன் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு இறங்குவேன். இருபது வருஷமாகச் செய்கிறேன். ஆகையால் மந்திரக்காரர்களில் எத்தனை ஜாதி என்பது எனக்குத் தெரியும். தந்திரம் என்று சொல்லிச் செய்கின்றவன் ஒருவன். கதை என்று சொல்லி எழுதுகின்றவன் ஒருவன். இந்த இரண்டும் இல்லாமல், மெய்யென்று சொல்லி உண்டியலை நீட்டுகின்றவன் மூன்றாமவன். நமக்கு விரோதி மூன்றாமவன் ஒருவன்தான். ஹாரி பாட்டரைப் படித்துவிட்டு எந்தப் பிள்ளையும் நேர்த்திக்கடன் கழிக்கப் போவதில்லை, துடைப்பத்தின்மேல் ஏறி மாடியிலிருந்து குதிக்கப் போவதுமில்லை. அந்தப் பிள்ளைக்கு அது கதை என்று தெரியும். தெரியாதவர்கள் பெரியவர்கள்தான்.

இனிப் புஸ்தகத்திற்குள் போவோம். நான் எதிர்பாராத ஒரு விஷயம் இதில் இருந்தது. வெளியே மந்திரக் கதையாக இருந்தாலும் உள்ளே இருப்பது துப்பறியும் கதைதான். மர்மம் எதுவும் மந்திரத்தால் விடுபடுவதில்லை, கண்ணைத் திறந்து பார்ப்பதால்தான் விடுபடுகிறது.

ஒரு உதாரணம் சொல்லுகிறேன். ரான் என்ற பையனிடத்தில் ஒரு எலி இருக்கிறது. அவன் அண்ணனிடமிருந்து வந்த எலி. அந்த வீட்டில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறது. முன்னங்காலில் ஒரு விரல் இல்லை. மூன்றாவது பாகத்தில் அந்த எலிக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு கடைக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள். கடைக்காரி, சாதாரண எலி மூன்று வருஷத்துக்குமேல் இராதே என்று சொல்லுகிறாள். நானும் படித்தேன், மேலே போய்விட்டேன். கடைசியில் பார்த்தால், பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பன்னிரண்டு பேரை ஒரே அடியில் கொன்றுவிட்டு, தானே செத்துப்போனதாக நம்பவைப்பதற்குத் தன் விரலை வெட்டிப் போட்டுவிட்டு ஓடின கொலைகாரன்தான் அந்த எலி! அவனுக்குப் பதிலாக சிரியஸ் பிளாக் என்கின்ற நிரபராதி விசாரணை என்பதே இல்லாமல் பன்னிரண்டு வருஷம் ஜெயிலில் கிடந்தான். அந்த வீட்டில் அத்தனை பேர் இருந்தார்களே, ஒருவராவது எலி இவ்வளவு காலம் உயிரோடு இருக்குமா என்று கேட்டார்களா? தினம் கண்ணுக்கு முன்னால் இருக்கின்ற பொருளைப்பற்றி யாருக்கும் கேள்வி வருவதில்லை. வழக்கம் என்றால் மனிதனுக்கு அப்படி ஒரு மயக்கம். இதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிட ருசியாகச் சொல்லிக் கொடுக்க என்னால் ஆகாது.

முதல் பாகத்திலும் அப்படியே. முகத்தைப் பார்த்தாலே கெட்டவன் என்று தோன்றுகிற ஸ்னேப் என்ற உபாத்தியாயர் குற்றவாளியல்ல. தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு பேச்சுத் திக்கித் திக்கி அசட்டுச் சாதுவாகத் திரிகின்ற குவிரல் என்ற உபாத்தியாயர்தான் குற்றவாளி. சாதுவேஷத்தின் கீழே என்ன இருக்கிறது என்பதைத் துணியை அவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும்! அதே பாகத்தில் ஏழு புட்டிகளும் ஒரு விடுகதையும் வருகின்றன. சிலவற்றில் விஷம், ஒன்றில் போகும் வழிக்கு மருந்து. ஹெர்மாயனி அதைக் கண்டதும் சந்தோஷப்படுகிறாள். ஏனென்றால் இது மந்திரமல்ல, தர்க்கம், பெரிய பெரிய மந்திரவாதிகளுக்கே இது மட்டும் வராது என்று அவளுக்குத் தெரியும். யோசித்துச் சரியான புட்டியை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். மந்திரத்தை மூலதனமாக வைத்துக்கொண்ட புஸ்தகத்தில் மந்திரவாதிகளுக்கு மூளை கிடையாது என்று எழுதின அம்மாளின் தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஜோசியத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. ஹாக்வார்ட்ஸில் ஜோசியம் ஒரு பாடம். அதைச் சொல்லிக் கொடுக்கின்ற டிரிலானி என்கின்ற அம்மாள் ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பிள்ளை சாகப்போகிறது என்று சொல்லுவார், யாரும் சாகமாட்டார்கள். ஹெர்மாயனி ஒருநாள் இந்தக் கூத்துப் போதும் என்று வகுப்பைவிட்டே எழுந்து போய்விடுகிறாள். சரி, நம்முடைய பெண் என்று நினைத்தேன். ஆனால் அந்த ஜோசியக்காரியே எப்போதோ ஒருநாள் தன்னை அறியாமல் சொன்ன வாக்கு ஒன்று பலித்துவிடுகிறது, ஏழு பாகத்துக்கும் அதுதான் அச்சாணி. அதாவது, வோல்டமார்ட் என்ற கொடியவனை அழிக்கக்கூடியவன் ஜூலை மாத முடிவில் பிறப்பான் என்பது. இதைக் கேட்ட வோல்டமார்ட், கம்ஸனைப்போல், குழந்தையைக் கொல்லப் போகிறான். போன இடத்தில் அழிந்து, தனக்கு எமனைத் தானே உண்டாக்கிக்கொள்ளுகிறான். இவ்வளவுதான் என்றால் நமது புராணக்காரனுக்கும் இந்த அம்மாளுக்கும் வித்தியாசமில்லை என்று தள்ளிவிட்டிருப்பேன். ஆனால் ஐந்தாம், ஆறாம் பாகங்களில் தலைமை உபாத்தியாயர் டம்பிள்டோர் பையனை உட்காரவைத்து விளக்குகிறார். அந்த வாக்குக்குப் பொருந்தும்படி இரண்டு பிள்ளைகள் பிறந்திருந்தார்கள், வோல்டமார்ட் நம்பினபடியால்தான் அதற்குப் பலம் வந்தது, அவன் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்திருந்தால் அது ஒன்றுமில்லாமல் போயிருக்கும், பலிக்காமல் போன வாக்குகள் எத்தனையோ உண்டு என்கிறார். ஜோசியத்தின் பலம் ஜோசியனிடத்தில் இல்லை, கேட்கின்றவனிடத்தில் இருக்கிறது என்பது இதன் அர்த்தம். செவ்வாய் தோஷம் என்று சொல்லி ஒரு பெண்ணை முப்பத்தைந்து வயதுவரை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, "பார்த்தாயா, ஜாதகம் பலித்துவிட்டது" என்கின்ற கூட்டத்துக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்? கம்ஸன் கதையைச் சொல்லுகின்ற எந்தப் பாகவதரும் இந்தப் பக்கத்தைச் சொல்ல நான் கேட்டதில்லை.

இவ்வளவும் சொன்னதால் நான் இந்தப் புஸ்தகத்துக்கு ஏஜெண்டு ஆகிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். எனக்குக் கோபம் வந்த இடங்கள் இனிமேல்தான் இருக்கின்றன. தோழர் சொன்ன இடத்தில் அல்ல, வேறு இடத்தில்.

முதலாவது, சூனியக்காரிகளை எரித்த விஷயம். மூன்றாம் பாகத்தின் ஆரம்பத்தில் ஒரு சரித்திரப் பாடம் வருகிறது. அந்தக் காலத்தில் சூனியக்காரிகளை எரித்தார்களே, அதனால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். தீயைக் குளிரவைக்கும் மந்திரம் போட்டுக்கொண்டு, எரிகின்ற மாதிரிக் கூச்சல் போட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். ஒருத்திக்கு அந்தக் கூச்சம் பிடித்துப்போய், வேஷம் மாற்றி மாற்றி 47 தடவை பிடிபட்டாளாம். சிரிப்பதற்காக எழுதினது. என்னால் சிரிக்க முடியவில்லை. இந்த அம்மாள் எந்த ஊரில் உட்கார்ந்து இதை எழுதினார்? எடின்பரோவில். அந்த நகரத்துக் கோட்டைக்குப் பக்கத்து மேட்டில்தான் சூனியக்காரிகள் என்று பிடித்த பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொளுத்தினார்கள். அதற்கு ஞாபகமாக 1894இல் வைத்த ஒரு சிறு நீரூற்று இன்றைக்கும் அங்கே இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 1563 முதல் 1736 வரை சூனியச் சட்டம் அமலில் இருந்தது. அதன்கீழ் குற்றம் சாட்டப்பட்டவர்கள் சுமார் 3,800 பேர் என்றும், அவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பெண்கள் என்றும், கொல்லப்பட்டவர்கள் சுமார் 2,500 பேர் இருக்கலாம் என்றும் ஆராய்ந்தவர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்காவது தீயைக் குளிரவைக்கத் தெரியாது. தெரிந்திருந்தது எல்லாம் பச்சிலை வைத்தியம், அல்லது பிரசவம் பார்ப்பது, அல்லது பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போடுவது, அவ்வளவுதான். 2022 மார்ச்சு 8ந் தேதி ஸ்காட்லாந்து பிரதம மந்திரி சட்டசபையில் எழுந்து இதற்காக மன்னிப்புக் கேட்டார்.

அது பழைய கதை, வெள்ளைக்காரன் கதை என்று விட்டுவிடவும் முடியாது. இந்த நாட்டில் பீகாரில் 1999இலும், பிறகு ஜார்க்கண்டிலும் அஸ்ஸாமிலும், பெண்களைச் சூனியக்காரி என்று சொல்லி அடிப்பதையும் கொல்லுவதையும் தடுப்பதற்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. சட்டம் எதற்காக வந்தது? நடந்தபடியால் வந்தது. எரிந்தவளுக்கு வலிக்கவில்லை என்பது எரித்தவனுடைய பேச்சு. உடன்கட்டை ஏறியவளுக்கு அக்கினி குளிர்ந்திருந்தது என்று சொன்னவர்களும் இதைத்தான் சொன்னார்கள். கதையில் என்ன விளையாட்டு வேண்டுமானாலும் விளையாடலாம். இந்த ஒரு விளையாட்டை மட்டும் அந்த அம்மாள் விட்டிருக்கலாம்.

இரண்டாவது விஷயம்தான் பெரிது. அது பிறவி.

இந்தக் கதையில் கெட்டவர்களின் கொள்கை என்னவென்றால் சுத்த ரத்தம் என்பது. தாய் தகப்பன், பாட்டன் பாட்டி எல்லோரும் மந்திரக்காரர்களாக இருக்கின்றவன் உயர்ந்தவன், சாதாரண ஜனங்களுக்குப் பிறந்து மந்திரம் வந்தவன் சேற்று ரத்தக்காரன். ஹாக்வார்ட்ஸை ஸ்தாபித்த நான்கு பேரில் ஸ்லிதரின் என்பவன், சுத்த ரத்தப் பிள்ளைகளை மட்டும்தான் சேர்க்க வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டு வெளியே போனவன். நம் வாசகர்களுக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை. ஏழாம் பாகத்தில் இவர்கள் கையில் அதிகாரம் வந்தவுடன் ஒரு கமிஷன் போடுகிறார்கள். சாதாரணக் குடும்பத்தில் பிறந்து மந்திரம் படித்தவர்களைக் கூண்டில் ஏற்றி, இந்தக் கோலை எந்த மந்திரக்காரனிடமிருந்து திருடினாய் என்று விசாரிக்கிறார்கள். ஹிட்லர் 1935இல் நியூரம்பெர்க்கில் போட்ட சட்டத்தில், ஒருவனுடைய பாட்டன் பாட்டிகள் நால்வரில் எத்தனை பேர் யூதர்கள் என்று எண்ணித்தானே அவனை யூதன் என்றும் அல்லவென்றும் பிரித்தார்கள்? அதே கணக்குத்தான். அந்த அம்மாள் இதைக் கடுமையாகவே எதிர்த்து எழுதியிருக்கிறார். சுத்த ரத்தம் என்று கூத்தாடுகின்ற வோல்டமார்ட்டின் தகப்பனே சாதாரண மனிதன் என்றும், கலப்பு மணம் செய்துகொள்ளாமல் இருந்திருந்தால் மந்திரக்கார வம்சமே அழிந்துபோயிருக்கும் என்றும் ரான் வாயால் சொல்ல வைக்கிறார். வகுப்பில் முதலாவதாக நிற்பவள் பல் வைத்தியர்களின் மகள் ஹெர்மாயனி. மெத்தச் சரி.

ஆனால் நான் கேட்கின்றேன்: ஹெர்மாயனி ஏன் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் வந்தாள்? படித்ததனாலா? இல்லை. மந்திரம் அவள் உடம்போடு பிறந்திருந்தது. பதினோரு வயதில் கடிதம் வந்தது. வராதவர்கள் எத்தனை படித்தாலும் வரமுடியாது. அதாவது, பரம்பரைப் பிறவியை எதிர்த்துவிட்டுப் பிறவியை மாத்திரம் அந்த அம்மாள் அப்படியே வைத்துக்கொண்டுவிட்டார். அப்பன் யார் என்று கேட்கக்கூடாது என்கிறார், ஆனால் பிறக்கும்போதே உன்னிடத்தில் இருந்ததா என்று கேட்கிறார். வாசற்படி ஒரு அடி தள்ளிப் போடப்பட்டது, படி எடுபடவில்லை.

இதற்கு அகப்பட்டவர்களைக் கதையிலேயே காணலாம். நெவில் என்ற பையனுக்கு மந்திரம் வருமா வராதா என்று அவன் வீட்டாருக்குச் சந்தேகம். ஆகவே ஒரு பெரிய மாமன் அவனைக் கடற்கரைத் துறையிலிருந்து தண்ணீரில் தள்ளிப் பார்க்கிறான், மாடி ஜன்னலிலிருந்து கீழே போட்டுப் பார்க்கிறான். குழந்தை பந்துபோல் குதித்து எழுந்தது, வீட்டாருக்கு ஆனந்தம். எழாமல் போயிருந்தால்? ஹாரியின் பெரியம்மாள் பெட்டூனியா, தங்கைக்குக் கடிதம் வந்து தனக்கு வராமல் போனதும், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமை உபாத்தியாயருக்குத் தானே எழுதுகிறாள். அவர் அன்பாக, இடமில்லை என்று பதில் போடுகிறார். அந்தச் சிறுமி பிற்பாடு கசந்துபோய் அந்தப் பையனை அலமாரியில் அடைத்து வளர்த்தாள் என்றால், அது அக்கிரமந்தான், ஆனால் எங்கே ஆரம்பித்தது என்று பார்க்க வேண்டாமா?

இவர்களைவிட என் மனத்தில் தைத்தவன் ஃபில்ச். அவன் அந்தப் பள்ளிக்கூடத்துக் காவல்காரன், பெருக்குகின்றவன். மந்திரக்காரக் குடும்பத்தில் மந்திரம் வராமல் பிறந்தவன். இரண்டாம் பாகத்தில் ஹாரி அவன் அறையில் ஒரு உறையைப் பார்க்கிறான். தபால் மூலம் மந்திரம் சொல்லிக் கொடுக்கும் கம்பெனியின் உறை! வயதான காலத்தில் யாருக்கும் தெரியாமல், தபாலில் பாடம் வாங்கிப் படித்துப் பார்க்கிறான் அந்த மனிதன். ஹாரி பார்த்துவிட்டான் என்று தெரிந்ததும் அவன் முகம் போன போக்கு இருக்கிறதே! ரான் கேள்விப்பட்டுச் சிரிக்கிறான். வாசகனும் சிரிக்க வேண்டும் என்றுதான் அந்த அம்மாள் எதிர்பார்க்கிறார். ஃபில்ச் நல்லவன் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளைச் சங்கிலியில் தொங்கவிட்டு அடிக்க ஆசைப்படுகின்றவன். ஆனால் நான் அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என்னைப் பள்ளிக்கூடத்தைவிட்டு நிறுத்தினபோது ஒரு உபாத்தியாயர் என் தகப்பனாரிடம், "இவனுக்கெல்லாம் படிப்பு எங்கே ஐயா வரும், பிறப்பில் இருக்க வேண்டும்" என்று சொன்னார். எந்தப் பள்ளிக்கூடம் என்பது இங்கே வேண்டியதில்லை. அதற்குப் பிறகு நான் படித்தது எல்லாம் ஃபில்ச்சைப்போல், ராத்திரியில், கதவைச் சாத்திக்கொண்டு, பழைய புஸ்தகக் கடையில் வாங்கின காகிதங்களை வைத்துக்கொண்டுதான். எனக்குக் கொஞ்சம் வந்தது. அவனுக்கு வரவே வராது என்று அந்த அம்மாள் கதையை அப்படிக் கட்டிவைத்திருக்கிறார்.

மூன்றாவது, வீட்டு எல்ஃபுகள் என்கின்ற குள்ள ஜாதி. இவர்கள் பரம்பரை அடிமைகள். சம்பளம் கிடையாது, துணி கிடையாது. எஜமான் ஒரு துணியைக் கையில் கொடுத்தால் விடுதலை. ஹாக்வார்ட்ஸ் சமையற்கட்டில் மாத்திரம் நூற்றுக்கு மேல் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு மூன்று வேளை விருந்து தானாகவே மேஜையில் வருவதாக முதல் மூன்று பாகத்திலும் படித்துக்கொண்டு வந்தேன். அது யார் கையால் வருகிறது என்பது நான்காம் பாகத்தில்தான் தெரிகிறது. ஹெர்மாயனி உடனே ஒரு சங்கம் ஆரம்பித்து, சந்தா வசூல் செய்து, எல்ஃபுகளுக்குச் சம்பளமும் லீவும் வேண்டும் என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். எல்ஃபுகளே அவளைக் கண்டு ஓடுகிறார்கள். "அவர்களுக்கு அடிமையாக இருப்பதுதான் பிரியம்" என்று நல்லவர்களெல்லாம் சொல்லுகிறார்கள். டாபி என்ற ஒரே ஒரு எல்ஃபுதான் சம்பளம் வேண்டும் என்கிறான். தலைமை உபாத்தியாயர் வாரம் பத்துக் காசும் சனி ஞாயிறு லீவும் தருகிறேன் என்றால், அவ்வளவு வேண்டாம் என்று பேரம் பேசி, வாரம் ஒரு காசுக்கும் மாதம் ஒருநாள் லீவுக்கும் இறக்கிக்கொள்ளுகிறான்!

அடிமைக்கு அடிமைத்தனம் பிரியம் என்கின்ற பாட்டை நாம் எத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்? பண்ணையாளுக்குப் பண்ணைதான் பிரியம், பெண்களுக்கு அடுப்படிதான் பிரியம், உள்ளே வரச் சொன்னால்கூட அவர்களே வரமாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லாத எஜமான் உண்டா? அந்தப் பிரியத்தை உண்டாக்கினது யார் என்று மாத்திரம் சொல்லமாட்டான். ஹெர்மாயனியும் தப்புச் செய்தாள் என்பது வாஸ்தவம். அவர்களைக் கேட்காமலே துணியை ஒளித்துவைத்து அவர்களை விடுதலை செய்துவிடப் பார்த்தாள். அதனால் அவர்கள் அந்த அறையைப் பெருக்கவே மறுத்துவிட்டார்கள், எல்லா வேலையும் டாபி ஒருவன் தலையில் விழுந்தது. நம் பிரசாரகர்களில் சிலருக்கும் இந்தக் குணம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அவள் கேட்டது நியாயம். கதையோ ஏழு பாகமும் நடந்து, வோல்டமார்ட் செத்து, எல்ஃபுகளும் கத்தியெடுத்துச் சண்டை போட்டு ஜெயித்த பிறகு, கதாநாயகன் படுக்கைக்குப் போகும்போது, தன் அடிமை கிரீச்சர் தனக்கு ஒரு ரொட்டி கொண்டுவருவானா என்று நினைத்துக்கொண்டு போகிறான். சண்டை முடிந்தது, சமையற்கட்டு அப்படியே இருந்தது.

ஆகவே வாசகசாலைக் கூட்டத்தில் நான் சொன்ன அபிப்பிராயம் இது: புஸ்தகங்கள் அலமாரியில் இருக்கட்டும். படிக்கின்ற பிள்ளைகளிடத்தில் மந்திரம் பொய் என்று பிரசங்கம் செய்ய வேண்டாம், அவர்களுக்குத் தெரியும். அதற்குப் பதிலாக, பெட்டூனியாவுக்கு ஏன் இடமில்லை, ஃபில்ச்சைப் பார்த்து ஏன் சிரிக்க வேண்டும், சாப்பாடு யார் சமைத்தது என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, மாதம் ஒருநாள் அவர்களையே பேச விட வேண்டும். ஆட்சேபணை செய்த தோழர் அரைமனதாக ஒத்துக்கொண்டார், முதல் பாகத்தை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கேள்வி கேட்ட அந்தப் பெண், ஃபில்ச் விஷயத்தில் தான் இதுவரை சிரித்துக்கொண்டுதான் படித்ததாகச் சொன்னாள்.

முதல் பேச்சுக் கூட்டம் வருகின்ற மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை. சமையற்கட்டு விஷயம் இருக்கின்ற நான்காம் பாகத்தை அலமாரியில் காணோம். கையெழுத்துப் போடாமல் எடுத்துப்போன தோழர் யாராயிருந்தாலும், அதற்குள் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும்.